‘பாதுகாப்புப் பிழை’ என்று மட்டும் சொல்லும் சர்வர்: அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

மொரீஷியஸின் எபெனில், வைல்ட்ஃபிளை என்ற எங்கள் ஜாவா சர்வரில் ஒரு சோப் வெப் சர்வீஸ் (எக்ஸ்.எம்.எல் மெசேஜ் வாங்கிப் பதில் தரும் சேவை) ஓடுகிறது. காப்பீட்டுக் கோரிக்கைகளை வாங்கிக்கொள்வது அதன் வேலை. போர்ட் லூயிசிலிருந்து ஒரு ஜாவா கிளையண்ட்டும், ஜோஹானஸ்பர்கிலிருந்து ஒரு டாட்நெட் கிளையண்ட்டும் அதற்கு மெசேஜ் அனுப்புகின்றன. கோரிக்கையில் நோய் விவரம், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கும். வழியை மட்டும் பூட்டும் எச்.டி.டி.பி.எஸ் போதாது, ஏனென்றால் அது, வருகிற மெசேஜ்களைச் சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சரோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு கணினிப் பெட்டியும் மெசேஜைப் படிக்கலாம். ஆகவே மெசேஜின் பாடியையே, அதாவது உள்ளடக்கத்தையே, என்கிரிப்ட் செய்து (பூட்டி), கையொப்பமும் போட்டு அனுப்ப வேண்டும் என்று முடிவானது.

அமைத்து முடிக்க இரண்டு நாள். பிழை தேட எத்தனை நாள் என்று கேட்காதீர்கள். என்னோடு வேலை செய்பவர் ஒருவர், மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் தமிழ் படித்தவர், வீட்டில் பேசுவது கிரியோல்தான். “அண்ணா, அடுத்த முறை நீங்கள் லீவில் இருக்கும்போது இது உடைந்தால் நான் என்ன செய்வது? தமிழிலேயே எழுதி வையுங்கள், எனக்கும் படித்த மாதிரி இருக்கும்” என்றார். அப்படி எழுதியதுதான் இது. வைல்ட்ஃபிளைக்குள் வெப் சர்வீஸை ஓட்டுவது அப்பாச்சி சி.எக்ஸ்.எஃப் என்ற நூலகம், பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வது அதன் அடியில் உள்ள டபிள்யூ.எஸ்.எஸ்.ஃபோர்.ஜே. வேறு சர்வரில் இருப்பவர்களுக்குக் கான்ஃபிக்கின் பெயர்கள் மாறும், அறிகுறிகள் பெரும்பாலும் இவையேதான்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புகிறவர் ஒவ்வொரு மெசேஜுக்கும் புதிதாக ஒரு சின்னச் சாவி (ஏ.இ.எஸ் முறைச் சாவி) உண்டாக்கி, அதைக் கொண்டு பாடியைப் பூட்டுகிறார். பிறகு அந்தச் சின்னச் சாவியை, பெறுகிறவரின் பொதுச் சாவியால் (யாருக்கும் கொடுக்கக்கூடியது) பூட்டி, மெசேஜின் தலைப்பகுதியான ஹெட்டரில் வைத்து அனுப்புகிறார். பெறுகிறவர் தன்னிடம் மட்டும் இருக்கும் தனிச் சாவியால் அதைத் திறக்கிறார். கையொப்பத்தில் இது தலைகீழ்: அனுப்புகிறவரின் தனிச் சாவி போடும், அவருடைய பொதுச் சாவி சரிபார்க்கும். பிழை எது வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, “இந்த இடத்தில் யாருடைய சாவி இருக்க வேண்டும், யாருடைய சாவி இருக்கிறது?” பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும்.

கிளையண்டுக்கு ‘மெசேஜைச் சரிபார்க்கும்போது ஒரு பாதுகாப்புப் பிழை’ என்ற ஒரே வரி வருகிறது

இது பிழையின் பெயர் அல்ல, பிழையை மறைக்கும் திரை. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். 1998-இல் பிளைகன்பாஹர் என்ற ஆராய்ச்சியாளர் காட்டிய தாக்குதலிலும், 2011-இல் எக்ஸ்.எம்.எல் என்கிரிப்ஷனில் சி.பி.சி என்ற பூட்டும் முறைக்கு எதிராக யாகர், சொமொரோவ்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர்கள் காட்டிய தாக்குதலிலும் நடந்தது இதுதான்: சர்வர் ‘பேடிங் (நீளத்தை நிரப்பும் பைட்டுகள்) தவறு’, ‘வடிவம் தவறு’ என்று வித்தியாசமாகப் பதில் சொல்லச் சொல்ல, அந்தப் பதில்களை வைத்தே சாவி இல்லாமல் உள்ளே இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துவிடலாம். ஆகவே இப்போதைய பதிப்புகள் எல்லாப் பிழைக்கும் ஒரே வாசகத்தைத்தான் வெளியே அனுப்புகின்றன.

கிளையண்ட் பக்கம் உட்கார்ந்து தலையைச் சொறிவதில் பயனில்லை. சர்வர் பக்கம் போய், டபிள்யூ.எஸ்.எஸ்.ஃபோர்.ஜே பேக்கேஜுக்கு லாக் அளவை டீபக் (மிக விரிவான பதிவு) ஆக்குங்கள். வைல்ட்ஃபிளையின் இயல்பான அமைப்பில் கன்சோல் இன்ஃபோ அளவோடு நின்றுவிடும்; டீபக் வரிகள் சர்வர் லாக் ஃபைலில்தான் விழும். “டீபக் போட்டேன், ஒன்றும் வரவில்லை” என்று கன்சோலைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். உண்மையான காரணத்தைக் கிளையண்டுக்கே அனுப்பும்படி மாற்ற ரிட்டர்ன் செக்யூரிட்டி எரர் என்ற ப்ராபர்ட்டி ஒன்று உண்டு. சோதனை சர்வரில் மட்டும் அதைத் திறந்து வையுங்கள்.

‘செக்யூரிட்டி ஹெட்டர் புரியவில்லை’ அல்லது ‘என்கிரிப்டட் டேட்டா என்ற பகுதியைத் தெரியாது’

இரண்டும் ஒரே நோய். வந்த மெசேஜை இடையில் பிடித்துத் திறக்க வேண்டிய இன்டர்செப்டர் அந்த எண்ட்பாயின்டில் (மெசேஜ் வந்து சேரும் முகவரியில்) இல்லவே இல்லை. ஹெட்டரில் ‘கட்டாயம் புரிந்துகொள்’ என்ற குறி இருந்தால் முதல் வாசகம் வரும். அந்தக் குறி இல்லாவிட்டால் சர்வர் ஹெட்டரைத் தாண்டிப் பாடிக்குள் போகும். அங்கே ‘கோரிக்கை’ என்ற பகுதியை எதிர்பார்த்த இடத்தில் பூட்டிய பெட்டிதான் இருக்கும், அப்போது இரண்டாவது வாசகம். எண்ட்பாயின்ட் கான்ஃபிக்கின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை போதும் இதற்கு. உள்வரும் பக்கமும் வெளிச்செல்லும் பக்கமும் தனித்தனி அமைப்பு என்பதையும் மறக்க வேண்டாம்.

‘இந்தப் பயனருக்கு என்கிரிப்ட் செய்யச் சான்றிதழ் இல்லை’

இது அனுப்புகிற பக்கத்துப் பிழை. சான்றிதழ் என்பது ஒருவரின் பொதுச் சாவியை அவர் பெயரோடு சேர்த்துத் தருவது. பயனர் என்று அது சொல்வது, சாவிகளையும் சான்றிதழ்களையும் வைத்திருக்கும் கீஸ்டோர் ஃபைலில் ஒவ்வொன்றுக்கும் உள்ள பெயரை, அதாவது ஏலியஸை. ஜாவாவோடு வரும் கீடூல் என்ற கருவியில் லிஸ்ட் கொடுத்துப் பாருங்கள். விண்டோசிலிருந்து வந்த பி.எஃப்.எக்ஸ் வகைச் சாவி ஃபைல் என்றால் ஏலியஸ் நீங்கள் நினைத்த பெயராக இருக்காது. எண்ணும் எழுத்துமாக ஒரு முழம் நீளத்துக்கு இருக்கும். ஃபைலில் பெயரே வைக்கப்படாவிட்டால் ஜாவா அதற்கு வெறும் ‘1’ என்று பெயர் வைத்துவிடும். ஏலியஸை மாற்றிக்கொண்டால் முடிந்தது.

அதே பட்டியலில் ஒவ்வொன்றும் எந்த வகை என்று எழுதியிருக்கும், அதையும் பாருங்கள். ‘பிரைவேட் கீ என்ட்ரி’ என்றால் தனிச் சாவி உள்ளே இருக்கிறது. ‘டிரஸ்டட் சர்ட் என்ட்ரி’ என்றால் சான்றிதழ் மட்டும். எதிர்ப் பக்கத்தாருடையது இரண்டாவது வகையாகத்தான் இருக்க வேண்டும். முதல் வகையாக இருந்தால் அவர்கள் தனிச் சாவியையே உங்களுக்கு மெயிலில் அனுப்பிவிட்டார்கள் என்று பொருள். எங்களுக்கு ஒருமுறை அப்படி வந்தது. போன் செய்து சொன்னோம். சாவியை மாற்றச் சொல்லிப் புரியவைக்க மூன்று போன் தேவைப்பட்டது.

‘சாவியை மீட்க முடியவில்லை’

கீஸ்டோர் திறந்துவிட்டது, உள்ளே இருக்கும் சாவி திறக்கவில்லை. ஜே.கே.எஸ் என்ற பழைய கீஸ்டோர் வகையில் ஸ்டோருக்கு ஒரு பாஸ்வேர்டு, சாவிக்கு ஒரு பாஸ்வேர்டு என்று இரண்டு இருக்கலாம். ஸ்டோர் பாஸ்வேர்டு ப்ராபர்ட்டி ஃபைலில் இருக்கும். சாவியின் பாஸ்வேர்டைக் கொடுப்பது, தேவைப்படும்போது சர்வர் கூப்பிடுவதற்காக நீங்கள் எழுதிய கால்பேக் கிளாஸ். அந்தக் கிளாஸ் கையொப்ப ஏலியசுக்கு மட்டும் பாஸ்வேர்டு கொடுத்து, டிக்ரிப்ட் ஏலியசுக்குச் சும்மா இருந்துவிடுவது வழக்கமான தவறு. ஜாவா 9-இலிருந்து கீடூல் இயல்பாக உண்டாக்குவது பி.கே.சி.எஸ்12 வகை, அதில் இரண்டு பாஸ்வேர்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பழைய கால்பேக்கை அப்படியே வைத்துக்கொண்டு கீஸ்டோரை மட்டும் புதிதாக்கினால் இந்தப் பிழை வந்து நிற்கும்.

‘கீஸ்டோர் சேதப்படுத்தப்பட்டது அல்லது பாஸ்வேர்டு தவறு’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். யாரும் சேதப்படுத்தியிருக்க மாட்டார்கள், பாஸ்வேர்டுதான் தவறு.

‘கையொப்பமோ டிக்ரிப்ஷனோ செல்லாது’

இங்கேதான் நேரம் போகும். ஒரே வாசகத்துக்குள் நான்கைந்து காரணம் ஒளிந்திருக்கிறது.

எங்களுக்கு வந்ததைச் சொல்கிறேன். போர்ட் லூயிஸ் கிளையண்டுக்கு எல்லாம் சரியாக ஓடியது. ஜோஹானஸ்பர்க் சேர்ந்த அன்று, அவர்கள் அனுப்பும் கோரிக்கை எங்களிடம் ஒழுங்காகத் திறந்தது, நாங்கள் அனுப்பும் பதில் மட்டும் அவர்களிடம் திறக்கவில்லை. அவர்கள் ஜாவாவைக் குறை சொன்னார்கள், நாங்கள் டாட்நெட்டைக் குறை சொன்னோம். இரண்டு நாள் கழித்துத்தான் பழைய கேள்வியைக் கேட்டேன்: பதிலை யாருடைய சாவியால் பூட்டுகிறோம்? கான்ஃபிக்கில் என்கிரிப்ஷன் யூசர் என்ற இடத்தில் போர்ட் லூயிஸ் ஏலியஸ் எழுதப்பட்டிருந்தது. ஒரே கிளையண்ட் இருந்த காலத்தில் எழுதியது. ஜோஹானஸ்பர்குக்கும் போர்ட் லூயிசின் பூட்டைப் போட்டுத்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

மருந்து ஒரு சொல்தான். அந்த இடத்தில் ஏலியசுக்குப் பதிலாக யூஸ்ரெக்சிக்சர்ட் என்று எழுதினால், கோரிக்கையில் யார் கையொப்பம் போட்டாரோ அவருடைய சான்றிதழாலேயே பதிலைப் பூட்டும். இதற்குக் கோரிக்கையில் கையொப்பம் இருந்தாக வேண்டும். அந்தச் சான்றிதழ் என்கிரிப்ஷனுக்கும் பயன்படத்தக்கதா என்று கீ யூசேஜ் பகுதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கோரிக்கையே திறக்கவில்லை என்றால், அனுப்பியவர் உங்கள் பழைய சான்றிதழை வைத்துக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். சான்றிதழ் புதுப்பிக்கும்போது சாவியும் புதிதாகிவிட்டால், பழையதால் பூட்டியதைப் புதியதால் திறக்க முடியாது. இரு பக்கத்தாரும் சான்றிதழின் சீரியல் எண்ணைப் போனில் வாசித்து ஒப்பிடுவது மிகச் சுருக்கமான வழி. எல்லாரும் மாறும்வரை பழைய தனிச் சாவியையும் புதியதோடு ஒரே கீஸ்டோரில் வேறு ஏலியஸில் வைத்திருங்கள். எந்தச் சாவி என்று மெசேஜே சொல்லிவிடும்.

சொல்லும், சொல்கிற விதம் இரு பக்கத்துக்கும் புரிந்தால். சான்றிதழைக் குறிப்பிடப் பல வழி உண்டு. வழங்கியவர் பெயரும் சீரியல் எண்ணும் என்பது ஒன்று. ஜாவாவுக்கும் டாட்நெட்டுக்கும் நடுவில் தகராறு மூட்டுவது இதுதான், ஏனென்றால் ஒரே பெயரை இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதுவார்கள். பெயருக்குள் மின்னஞ்சல் பகுதி இருந்தால் ஒருவர் அதைச் சொல்லாக எழுதுவார், மற்றவர் 1.2.840.113549.1.9.1 என்று எண்ணாக எழுதுவார். ஒப்பிட்டுப் பார்க்கிற இடத்தில் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று வந்துவிடும். சான்றிதழின் ஹாஷை (சுருக்க எண்ணை) அடையாளமாக அனுப்பும் தம்ப்பிரின்ட் முறைக்கு மாறிவிடுங்கள், பெயர்ச் சண்டையே இல்லை. சப்ஜெக்ட் கீ ஐடென்டிஃபயரும் நல்லதுதான், ஆனால் சான்றிதழில் அந்த நீட்டிப்பு இருக்க வேண்டும்.

சாவி சரி, குறிப்பும் சரி, ஆனாலும் திறக்கவில்லை என்றால் ஓ.ஏ.இ.பி-யைச் சந்தேகப்படுங்கள். சின்னச் சாவியைப் பூட்டும் ஆர்.எஸ்.ஏ முறை இது. உள்ளே இரண்டு ஹாஷ் இருக்கிறது, வெளிப்படையான டைஜெஸ்ட் ஒன்று, எம்.ஜி.எஃப்1 என்ற உட்பகுதிக்குள் இன்னொன்று. ஜாவாவில் ‘ஷா-256 உள்ள ஓ.ஏ.இ.பி’ என்று கேட்டால், அதனுடன் வரும் சன் ப்ரொவைடர் என்ற கிரிப்டோ நூலகம் டைஜெஸ்டை ஷா-256 ஆக்கிவிட்டு எம்.ஜி.எஃப்1-ஐ ஷா-1 ஆகவே விட்டுவிடும். எதிர்ப் பக்கம் இரண்டையும் ஷா-256 ஆக வைத்திருந்தால் சாவி சரியாக இருந்தும் திறக்காது. இரண்டையும் வெளிப்படையாக எழுதிக் கொடுத்தால் சரியாகும். இதைத் தவிர்க்க ஆர்.எஸ்.ஏ 1.5-க்கு மாறலாமே என்று ஒரு யோசனை வரும். வேண்டாம். பிளைகன்பாஹர் உடைத்தது அதைத்தான், டபிள்யூ.எஸ்.எஸ்.ஃபோர்.ஜே-யும் அதை இயல்பாக அனுமதிப்பதில்லை.

பாடிக்கு ஏ.இ.எஸ்-சி.பி.சி-யை விட்டுவிட்டு, பூட்டியது வழியில் மாற்றப்பட்டதா என்றும் பார்க்கும் ஜி.சி.எம் முறையை வைத்துக்கொள்ளுங்கள். 2013-இல் வந்த எக்ஸ்.எம்.எல் என்கிரிப்ஷன் 1.1-இல் அது சேர்க்கப்பட்டது. ஜாவா 8-க்கு வெளி நூலகம் எதுவும் தேவையில்லை. எதிர்ப் பக்கத்து மென்பொருள் பழையது என்றால் சி.பி.சி-யைத்தான் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அப்போது கையொப்பம் இல்லாத மெசேஜை ஏற்காதீர்கள்.

‘இல்லீகல் கீ சைஸ்’

128 பிட் ஓடுகிறது, 256 பிட் விழுகிறது என்றால் பழைய ஜாவா. ஜாவா 8-இன் 161-ஆம் அப்டேட்டிலிருந்து கட்டுப்பாடு இல்லை. 151-இல் இருப்பவர்கள் ஜாவா செக்யூரிட்டி ஃபைலில் கிரிப்டோ பாலிசியை அன்லிமிடெட் ஆக்கலாம். அதற்கும் முந்தையது என்றால் பாலிசி ஜார்களை மாற்ற வேண்டும், அந்த நேரத்தில் ஜாவாவையே மாற்றிவிடலாம்.

கிளாஸ் கிடைக்கவில்லை, அல்லது கால்பேக் கிளாஸில் காஸ்ட் பிழை

சர்வரில் ஏற்றும் உங்கள் வார் ஃபைலுக்குள் டபிள்யூ.எஸ்.எஸ்.ஃபோர்.ஜே-யின் நூலக ஜாரை வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். சர்வருக்குள் ஒன்று, உங்களிடம் ஒன்று என்றால் ஒரே பெயரில் இரண்டு கிளாஸ். ஒன்றை மற்றதாக ஏற்காது. சர்வரின் மாட்யூலைச் சார்பாக எழுதினால் போதும். டபிள்யூ.எஸ்.எஸ்.ஃபோர்.ஜே பதிப்பு 1.6-இலிருந்து 2-க்குப் போனவர்கள் கால்பேக்கின் இம்போர்ட் வரியையும் மாற்ற வேண்டும், பேக்கேஜ் பெயரே மாறிவிட்டது.

‘மெசேஜ் காலாவதியானது’ அல்லது ‘எதிர்காலத்தில் உண்டானது’

மெசேஜில் டைம்ஸ்டாம்ப் (எழுதிய நேரக் குறிப்பு) இருந்தால் வரும். இயல்பாக 300 நொடி வரை பழையதை ஏற்கும், 60 நொடி வரை முந்தியிருப்பதை ஏற்கும். மூன்று நான்கு நிமிட வித்தியாசம் என்றால் கடிகாரம் மெல்ல நகர்ந்திருக்கிறது, நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் என்.டி.பி-யைப் பாருங்கள். சரியாக 4 மணி நேரம் என்றால் அது மொரீஷியஸ் வியாதி. நம் நேரம் உலகப் பொது நேரமான யு.டி.சி-யை விட 4 மணி முன்னால். யாரோ பெட்டியின் ஹார்டுவேர் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைத்திருப்பார்கள். லினக்ஸ் அதை யு.டி.சி என்று எடுத்துக்கொண்டு எழும்பும். 2024 ஜனவரியில் பெலால் புயலுக்காக அணைத்து வைத்த சர்வர் ஒன்று திரும்ப எழுந்தபோது எங்களுக்கு இதுதான் நடந்தது. புயலுக்கு முன் என்.டி.பி அதைச் சரியாக வைத்திருந்தது. பிறகு நெட்வொர்க் வருவதற்கு முன்பே சர்வர் எழுந்துவிட்டது, எங்கள் மெசேஜெல்லாம் நாலு மணி நேரம் எதிர்காலத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது.

டைம்ஸோனை மாற்றிப் பார்க்காதீர்கள். டைம்ஸ்டாம்ப் யு.டி.சி-யில்தான் எழுதப்படுகிறது, டைம்ஸோனுக்கு அங்கே வேலையில்லை. ஏற்கும் நேரத்தை ஐந்து மணி நேரமாகக் கூட்டி வைத்தால் பிழை போய்விடும், கூடவே பாதுகாப்பும் போய்விடும். ஒருவர் பிடித்து வைத்த மெசேஜை மதியம் திரும்ப அனுப்பலாம் என்றாகும்.

‘ஆக்‌ஷன்கள் பொருந்தவில்லை’

நீங்கள் எதிர்பார்ப்பது டைம்ஸ்டாம்ப், கையொப்பம், என்கிரிப்ஷன் என்ற மூன்று, வந்தது இரண்டு. பட்டியல் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பாலிசியில் (சேவையின் பாதுகாப்பு விதிகளில்) எழுதியிருந்தால் வரிசையும் பார்க்கப்படும்: முதலில் கையொப்பமா, முதலில் பூட்டா என்று. வரிசை மாறினால் என்ன ஆகும் என்று இந்த ஊர்த் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1998-இல் வெளியான மொரீஷியஸ் ரூபாய் நோட்டுகளில் தமிழ் வரியின் இடம் மாறியதற்கு எழுந்த எதிர்ப்பில் அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. நாங்கள் முதலில் கையொப்பம், பிறகு பூட்டு என்று வைத்திருக்கிறோம். கையொப்பத்தையும் சேர்த்துப் பூட்டினால், யார் கையொப்பமிட்டார் என்பதும் உள்ளே மறைந்துவிடும்.

திறக்கிறது, ஆனால் எழுத்து உடைந்திருக்கிறது

ரெதுயி என்ற ஊர்ப் பெயரைப் பிரெஞ்சில் எழுதும்போது வரும் குறியிட்ட எழுத்து ஒன்று, திறந்த மெசேஜில் இரண்டு விநோத எழுத்தாக நிற்கும். தமிழ்ப் பெயர் என்றால் எழுத்துக்கு மூன்றோ ஆறோ குப்பை. என்கிரிப்ஷனைச் சந்தேகிக்க வேண்டாம்: அது கெட்டிருந்தால் மெசேஜ் திறந்தே இருக்காது. பூட்டுவதற்கு முன்போ, திறந்த பின்போ யாரோ பைட்டுகளைச் சரமாக (எழுத்தாக) மாற்றும்போது யு.டி.எஃப்-8 என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். ஜாவா 18-க்கு முன் விண்டோஸில் இது சகஜம்.

மெசேஜ் பெருத்துவிட்டது

பூட்டிய பைட்டுகள் பேஸ்64 என்ற எழுத்து வடிவம் ஆகின்றன, மூன்றுக்கு நான்காக வீங்கும். ஸ்கேன் செய்த ரசீது ஏற்கெனவே பேஸ்64-ஆக எக்ஸ்.எம்.எல்லுக்குள் இருந்தால் இரண்டு முறை வீங்கும்: 9 எம்.பி ஃபைல் 16 எம்.பி ஆகும். லோட் பேலன்சரின் அளவு வரம்பில் முட்டி, பாதுகாப்புக்குச் சம்பந்தமே இல்லாத பிழை வரும்.

பிழையே வரவில்லை

எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். சர்வர் ‘என்கிரிப்ஷன் நடந்ததா’ என்று பார்க்கிறது; ‘எது என்கிரிப்ட் ஆனது’ என்று தானாகப் பார்ப்பதில்லை. ஏதோ ஒரு சின்ன ஹெட்டரை மட்டும் பூட்டி, பாடியைத் திறந்து வைத்து அனுப்பினாலும் ஆக்‌ஷன் பட்டியல் பொருந்திவிடும். கிரிப்டோ கவரேஜ் செக்கர் என்ற இன்டர்செப்டரைச் சேர்த்து, பாடி கட்டாயம் என்று சொல்ல வேண்டும். பாலிசி வழியாக அமைத்தவர்களுக்கு இந்தச் சோதனை அதிலேயே வந்துவிடும்.

அப்புறம், பிழை தேடும்போது திறந்த மெசேஜை லாகில் எழுத வைத்த வரி. அதை எடுக்க மறந்தால் நோயாளியின் விவரமெல்லாம் சாதாரண ஃபைலில் வரிசையாகக் கிடக்கும். இந்த நாட்டில் 2017-ஆம் ஆண்டின் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, லாக் ஃபைலும் அதற்குள் வரும். நான் ஒருமுறை மறந்தேன். கவனித்தது அதே மோக்காக்காரர்தான்: “அண்ணா, பூட்டியதை எல்லாம் நாமே திறந்து வாசலில் வைத்திருக்கிறோமே?” அன்று மாலையே அந்த வரியை நீக்கி, பழைய லாக்குகளை அழித்து, பாடியைப் பூட்டாத ஒரு மெசேஜைச் சோதனை சர்வருக்கு அனுப்பிப் பார்த்தோம். அது ஏற்றுக்கொண்டது. கவரேஜ் செக்கரை அன்றைக்குத்தான் சேர்த்தோம்.